வாசல் திறந்த அம்மையார்

ஜவ்வாது மலையில் பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. சாமை விளையும். தேன் கிடைக்கும். மலைவாழ் மக்களின் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கின்றன. தினமும் காட்டு வழியே நடந்து பள்ளிக்கூடம் போய் வருவது எல்லாச் சிறு பிள்ளைகளாலும் ஆகிற காரியம் அல்ல. அதனால்தான் அங்கே உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படித்து, அங்கேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

மலையில் பழைய வீடு சிறியது. மண் சுவர், புல் கூரை, ஒரே வாசல். தீப்பற்றினால் இரண்டு எட்டு வைத்தால் போதும், வெளியே வந்துவிடலாம். ஆனால் பள்ளிக்கூடம் அப்படியா? வரிசையாக அறைகள். நடுவிலோ பக்கத்திலோ நீண்ட நடைபாதை. நள்ளிரவில் புகை சூழ்ந்து விளக்கும் அணைந்துவிட்டால், தூக்கக் கலக்கத்தில் எழும் குழந்தை எந்தப் பக்கம் ஓடும்? இடது பக்கம் ஓடினால் வாசல். வலது பக்கம் ஓடினால் சுவர்! அந்தச் சுவர் வரை போய், தடவிப் பார்த்து, வழி இல்லை என்று தெரிந்து, வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்குள் புகை அங்கேயும் வந்துவிடும்.

கட்டிடத்துக்குள் இப்படி முட்டுச் சந்து இருக்கக் கூடாது. இருந்தாலும் இத்தனை அடிக்கு மேல் நீளக் கூடாது என்று இன்று பல நாடுகளில் விதி இருக்கிறது. இந்தியாவிலும் இருக்கிறது. இப்படிப்பட்ட விதிகள் பிறப்பதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஜவ்வாது மலையின் பெயரைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார்.

அவர் பெயர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ். அமெரிக்காவின் முதல் பெண் மந்திரி!

மூன்று முனைத் தொப்பி

1880-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ந்தேதி, பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பேனி. தகப்பனார் பிரெடரிக், வூஸ்டர் என்ற ஊரில் காகிதம், எழுதுபொருள் விற்கும் கடை வைத்திருந்தார். வசதியான குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போகும் குடும்பம். ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று மகள் கேட்டால், சோம்பலும் குடியும்தான் காரணம் என்று வீட்டில் பதில் வரும்.

கோடை விடுமுறைக்கு மெயின் மாகாணத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போவார். நியூகாசில் என்ற ஊர். ஆற்றங்கரையில் பண்ணை. முன்னோர்கள் அங்கே செங்கல் செய்து விற்றவர்கள்.

பேனிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, தாயார் அவரைத் தொப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். மகளுக்கு அகலமான முகம். சின்னத் தொப்பி பொருந்தாது என்று சொல்லி, மூன்று முனை உள்ள தொப்பி ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தார். பிற்காலத்தில் பத்திரிகைப் படங்களில் எல்லாம் அதே மாதிரித் தொப்பியோடுதான் அவரைப் பார்க்கலாம். தாய் தேர்ந்தெடுத்ததை மகள் கடைசி வரை விடவில்லை.

மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் பௌதிகம் படித்தார். கடைசி ஆண்டில் ஒரு பேராசிரியை, மாணவிகளைப் பக்கத்து ஊர் ஆலைகளுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். நூல் ஆலை, காகித ஆலை. உள்ளே போன மாணவி வேறு ஆளாக வெளியே வந்தார். அங்கே வேலை செய்தவர்கள் சோம்பேறிகள் அல்ல, குடிகாரர்களும் அல்ல. விடிந்தது முதல் இருட்டும் வரை உழைத்தவர்கள். இயந்திரத்தில் கை போனால் வேலையும் போகும். அன்றைக்கே அந்தக் குடும்பத்தில் பட்டினி தொடங்கும். வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில் பொய் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

1902-ம் ஆண்டு பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ஆசிரியை வேலை. சிகாகோ பக்கத்தில் வேலை பார்த்தபோது, விடுமுறை நாட்களில் அந்த நகரத்து ஏழைகளுக்காக ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்துக்குப் போய்விடுவார். பேனி என்ற பெயரைப் பிரான்சிஸ் என்று மாற்றிக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

1907-ல் பிலடெல்பியாவுக்குப் போனார். வேலை தேடி நகரத்துக்கு வரும் ஏழைப் பெண்களை, வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிக் கெட்ட வழியில் தள்ளும் கும்பல் அங்கே இருந்தது. அந்த மோசடியை வெளிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. ஒரு மழை இரவில் இரண்டு முரடர்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். தெரு முனை திரும்பியதும் அவர் சட்டென்று நின்றார். குடையை ஈட்டி போல நீட்டினார். அவர்களில் ஒருவனுடைய பெயரைச் சொல்லி ஊர் கேட்கக் கத்தினார். ஓடிவிட்டார்கள்!

பிறகு நியூயார்க். அங்கே மேல்படிப்பு முடித்து, 1910-ல் நுகர்வோர் சங்கத்தின் காரியதரிசி ஆனார். நிலவறைகளில் இருந்த ரொட்டிக் கிடங்குகளுக்குள் இறங்கி, எலியையும் அழுக்கையும் பார்த்துக் குறிப்பு எழுதுவார். பெண்களுக்கு வாரத்தில் 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சட்டம் கேட்டு, சட்டசபை உறுப்பினர்களின் அறை வாசலில் காத்துக் கிடப்பார்.

தீ!

1911-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந்தேதி. சனிக்கிழமை. வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு சினேகிதி வீட்டில் பெர்க்கின்ஸ் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். மாலை ஐந்து மணி ஆகவில்லை. தீயணைப்பு வண்டிகளின் மணி ஓசை கேட்டது. ஜனங்கள் கூக்குரல் இட்டார்கள். பெர்க்கின்ஸ் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தைத் தாண்டி ஓடினார்.

அங்கே ஆஷ் கட்டிடம் என்ற பத்து மாடிக் கட்டிடம். அதன் 8, 9, 10-வது மாடிகளில் டிரையாங்கிள் என்ற கம்பெனி பெண்களுக்கான சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தது. சுமார் 500 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைப் பெண்கள். பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் பலர். அதற்கும் குறைந்த வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள்.

வேலை முடியும் நேரம். 8-வது மாடியில் வெட்டுத்துணி குவிந்திருந்த தொட்டியில் தீப்பற்றியது. பஞ்சும் மெல்லிய துணியும் நிறைந்த இடம். வாளித் தண்ணீரை ஊற்றியும் அடங்கவில்லை. 8-வது மாடிக்காரர்கள் பெரும்பாலும் இறங்கித் தப்பினார்கள். 10-வது மாடிக்கு டெலிபோனில் செய்தி போனது. அவர்கள் மொட்டை மாடிக்கு ஏறி, அடுத்த கட்டிடத்துக்குத் தாண்டிப் போனார்கள்.

9-வது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீதான் வந்து சொன்னது.

பெர்க்கின்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தபோது, பெண்கள் ஜன்னல் விளிம்பில் நின்றார்கள். பின்னால் நெருப்பு. கீழே நூறு அடி ஆழத்தில் தெரு. தீயணைப்புப் படையின் ஏணி 6-வது மாடி வரைதான் எட்டியது. விரித்துப் பிடித்த வலைகள் கிழிந்து போயின. ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள். கைகோத்துக்கொண்டு குதித்தவர்களும் உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக நின்று பெர்க்கின்ஸ் பார்த்தார். ஒன்றும் செய்ய முடியவில்லை.

அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள்.

கட்டிடத்துக்குப் பெரிய சேதம் இல்லை. தீயால் அழியாதபடி கட்டிய கட்டிடம் என்று பெயர் பெற்றது அது. பெயருக்கு ஏற்றபடி நின்றது. இன்றைக்கும் நிற்கிறது!

பூட்டிய கதவு

9-வது மாடிக்காரர்களுக்கு வழியே இல்லையா? கணக்குப்படி நான்கு வழிகள் இருந்தன.

கிரீன் தெருப் பக்கம் ஒரு படிக்கட்டு. சில நிமிடங்களில் அதை நெருப்பு மறித்துக்கொண்டது. வாஷிங்டன் பிளேஸ் தெருப் பக்கம் இன்னொரு படிக்கட்டு. அதன் கதவு பூட்டிக் கிடந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாதாம்! சாயங்காலம் எல்லோரும் ஒரே வாசல் வழியாக, கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது முதலாளிகளின் ஏற்பாடு.

மூன்றாவது, லிப்டு. அதை ஓட்டியவர்கள் உயிரைப் பணயம் வைத்து மேலும் கீழும் ஓட்டிப் பலரைக் காப்பாற்றினார்கள். அவர்களுடைய துணிச்சலுக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் வெப்பத்தில் அதுவும் நின்றுபோயிற்று.

நான்காவது, கட்டிடத்தின் பின்புறம் இருந்த இரும்புப் படிக்கட்டு. இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டிடத்தின் அளவுக்கு மூன்று படிக்கட்டுகள் தேவை. கட்டியவர்கள் இரண்டுதான் வைத்தார்கள். பின்புறத்து இரும்புப் படிக்கட்டையே மூன்றாவதாகக் கணக்கில் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். கேட்டது கிடைத்தது. அந்தப் படிக்கட்டு எங்கே போய் முடிந்தது தெரியுமா? தெருவில் அல்ல. நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த ஒரு குறுகிய முற்றத்தில், கண்ணாடிக் கூரை ஒன்றுக்கு மேலே, அந்தரத்தில்! தரையைக்கூட அது தொடவில்லை. அதற்கு வலுவான முடிவு வேண்டும் என்று நகர அதிகாரி ஒருவர் கட்டும்போதே எழுதி வைத்தார். எழுதியது காகிதத்தோடு நின்றது.

தீ பிடித்த அன்று பெண்கள் அந்தப் படிக்கட்டில் இறங்கினார்கள். பாரம் தாங்காமல், வெப்பத்தில் இளகி, அது பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஒருவேளை விழாமல் நின்றிருந்தாலும் அவர்கள் போய்ச் சேரும் இடம் முட்டுச் சந்துதான்.

உள்ளேயும் அதே கதை. தையல் இயந்திரங்கள் வைத்த நீண்ட மேஜைகளின் ஒரு முனை ஜன்னல் சுவரை ஒட்டி இருந்தது. இரண்டு மேஜைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண் அந்தப் பக்கமாக எழுந்து போக முடியாது. மறு முனைக்கு வந்தால்தான் வழி. நாற்காலியும் கூடையும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன.

முதலாளிகள் இரண்டு பேர் மீதும் வழக்கு நடந்தது. அந்த நேரத்தில் கதவு பூட்டி இருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும் என்றது சட்டம். அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை ஆனார்கள். பிறகு, 1914-ல், வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு உயிர் ஒன்றுக்கு 75 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இதற்கு நடுவில் 1913-ல் அவர்களில் ஒருவர் வேறொரு தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்! படிக்கிற நமக்கே வயிறு எரிகிறது. பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

சுவரில் ஓர் ஓட்டை

விபத்து நடந்த எட்டாம் நாள் நியூயார்க்கின் பெரிய சங்கீத மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கோடீசுவரர்களும் தையல்காரப் பெண்களும் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். பாதுகாப்புக் கமிட்டி ஒன்று அமைந்தது. அதன் நிர்வாகக் காரியதரிசிப் பொறுப்பு பெர்க்கின்ஸ் அம்மையாருக்கு வந்தது. மாகாணச் சட்டசபை, தொழிற்சாலை விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. ராபர்ட் வாக்னர் தலைவர். ஆல் ஸ்மித் துணைத் தலைவர். இருவரும் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஸ்மித் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு மீன் மார்க்கெட்டில் வேலை செய்தவர்.

கமிஷன் என்றால் மேஜை போட்டு உட்கார்ந்து, சாட்சி கேட்டு, அறிக்கை எழுதுவார்கள். இந்தக் கமிஷனும் இருநூறுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. ஆனால் பெர்க்கின்ஸ் அதோடு விடவில்லை. ஆஷ் கட்டிடத்திலும் காகிதத்தில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது? ஆகவே கமிஷன் உறுப்பினர்களைக் கண்ணால் பார்க்க வைத்தார்.

பொழுது விடியுமுன் எழுப்பி ஒரு கயிறு ஆலை வாசலுக்கு அழைத்துப் போனார். இரவு முழுவதும் பத்து மணி நேரம் வேலை செய்துவிட்டுப் பெண்கள் தள்ளாடி வெளியே வருவதை ஆல் ஸ்மித் பார்த்தார். பழம், காய்கறி பதனிடும் ஆலைக்கு அழைத்துப் போனார். ஐந்து வயதுக் குழந்தைகள் அவரை உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள்.

ஒரு தொழிற்சாலையில், தீ நேர்ந்தால் தப்பிக்கும் வழி எங்கே என்று கேட்டார்கள். சுவரில் ஒரு சின்ன ஓட்டையைக் காட்டினார்கள். அந்த வழியாகப் போய்ப் பார்க்கும்படி பெர்க்கின்ஸ் சொல்லிவிட்டார். யாரை? கமிஷன் தலைவர் வாக்னரை! கோட்டும் சூட்டும் போட்ட அந்தப் பெரிய மனிதர், மண்டியிட்டுத் தவழ்ந்து வெளியே தலையை நீட்டினார். செங்குத்தான ஓர் இரும்பு ஏணி. படி எல்லாம் பனிக்கட்டி உறைந்து வழுக்கியது. அதன் கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையே 12 அடி உயரம். அதற்குத்தான் தப்பிக்கும் வழி என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள்.

வாக்னர் அதற்குப் பிறகு அந்தச் சட்டங்களுக்காக விடாமல் வாதாடியதில் வியப்பு இல்லை.

மூன்று, நான்கு ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். தீ நேர்ந்தால் எப்படி வெளியேறுவது என்று தொழிலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். உயரமான தொழிற்சாலைகளில், சூடு பட்டால் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய் வேண்டும். படிக்கட்டின் அகலம் எவ்வளவோ, அதற்குத் தகுந்த ஆட்களைத்தான் ஒரு மாடியில் வேலைக்கு வைக்கலாம்.

இந்தக் கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். படிக்கட்டில் எத்தனை பேர் தோளோடு தோள் இறங்க முடியும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைச் சட்டமாக்கினார்கள். முதலாளி நல்லவரா, கெட்டவரா என்பது இங்கே விஷயம் அல்ல. அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

முட்டுச் சந்து

அமெரிக்காவில் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் என்று ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்களும் என்ஜினீயர்களும் நிறைந்த சங்கம். கட்டிடம் எரியாமல், சரக்கு அழியாமல் காப்பதே அதுவரை அவர்களுக்கு முக்கியக் கவலை. 1913-ல் அந்தச் சங்கத்தின் மாநாட்டில் பெர்க்கின்ஸ் பேசினார். ஆஷ் கட்டிடம் எரியவில்லை, மனிதர்கள் செத்தார்கள். அவர்கள் மனத்தில் அது தைத்தது. அதே ஆண்டு, மனித உயிரைக் காப்பதற்கென்றே அந்தச் சங்கம் ஒரு கமிட்டியை அமைத்தது. கமிட்டி பல ஆண்டுகள் உழைத்து, 1927-ல் கட்டிடங்களின் வெளியேறும் வழிகளைப் பற்றிய விதிப் புத்தகத்தை வெளியிட்டது. திருத்தித் திருத்தி இன்று வரை அது வந்துகொண்டிருக்கிறது. ஒருவர் எழுதிய புத்தகம் அல்ல அது. ஆனால் அது பிறந்த கதையைச் சொன்னால் பெர்க்கின்ஸ் பெயர் வராமல் இருக்காது.

இப்படிப்பட்ட விதிகளின் சாரத்தைப் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளலாம். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி வேண்டும். இரண்டு வழியும் பக்கம் பக்கமாக இருந்தால் ஒரே நெருப்பு இரண்டையும் அடைத்துவிடும். ஆகவே தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து வாசல் வரை நடக்கும் தூரத்துக்கு ஓர் எல்லை வேண்டும். நடைபாதையின் எந்த முனையும் வெறும் சுவரில் போய் முட்டக் கூடாது.

நடைமுறையில் சில இடங்களில் முட்டாமல் கட்ட முடியாது. அங்கே நீளத்துக்கு ஓர் அளவு வைத்தார்கள். எதற்காக இந்த அளவு? புகையில் கண் தெரியாது. மனிதன் சுவரைத் தடவிக்கொண்டு போவான். படிக்கட்டின் கதவைத் தவறவிட்டுத் தாண்டிப் போய்விடுவான். சுவரில் முட்டிய பிறகுதான் தவறு தெரியும். நாலைந்து கெஜம் தாண்டிப் போனவன் மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பி வரலாம். முப்பது, நாற்பது கெஜம் போனவன் திரும்பி வருவது கடினம்.

இந்தியாவில் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு முதன்முதலில் 1970-ல் வந்தது. 2016-ல் வெளியான திருத்தப் பதிப்பின்படி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்டம் கூடும் மண்டபம் ஆகியவற்றில் முட்டுச் சந்தான நடைபாதை 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது சுமார் 20 அடி. மாணவர் விடுதி போன்ற தங்கும் கட்டிடங்களுக்கு 15 மீட்டர். பள்ளிக்கூடத்தின் படிக்கட்டு ஒன்றரை மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கு இந்த அளவுகளின் அருமை பெரிய விலை கொடுத்த பிறகுதான் தெரிந்தது. 2004-ம் ஆண்டு ஜூலை மாதம் 16-ந்தேதி, கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் கூரையில் பிடித்த தீ, மாடியில் இருந்த வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 பிஞ்சுகள் கருகிப் போயின. ஆஷ் கட்டிடத்துத் தீ நடந்து 93 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடல் கடந்த அந்தப் பாடம் இங்கே வந்து சேராமலே இருந்துவிட்டது.

அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளை அகற்ற சர்க்கார் உத்தரவு போட்டது. கும்பகோணத்துத் தீயை முன்னிட்டுத் தொடுத்த வழக்கில், நாடு முழுவதும் பள்ளிகள் கட்டிடப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் தீர்ப்பு அளித்தது. அந்தத் தீர்ப்பு மலைமேல் இருக்கும் பள்ளிக்கும் சேர்த்துத்தான். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் வெளியிலிருந்து உதவி வந்து சேர நேரம் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குத் துணை, திறந்து கிடக்கும் இரண்டு வாசல்கள்தான்.

மந்திரி அம்மையார்

பெர்க்கின்ஸ் அம்மையார் 1913-ல் பால் வில்சன் என்பவரை மணந்தார். அந்தக் காலத்திலேயே கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளாமல் தம் பெயரையே வைத்துக்கொண்டார். ஒரே மகள், சூசன்னா. மகள் பிறந்து சில ஆண்டுகளில் கணவருக்கு மனநோய் கண்டது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அவர் வாழ்க்கை கழிந்தது. குடும்பச் செலவு முழுவதும் அம்மையார் தலையில் விழுந்தது. இதை அவர் வெளியில் சொல்லிக்கொண்டதே இல்லை.

ஆல் ஸ்மித் நியூயார்க் கவர்னர் ஆனதும், பழைய தோழியை மறக்கவில்லை. 1919-ல் மாகாணத் தொழில் கமிஷனில் அவரை உறுப்பினர் ஆக்கினார். அதற்குப் பின் கவர்னராக வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தொழில் துறை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். 1933-ல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனபோது தொழிலாளர் மந்திரியாக வரும்படி அழைத்தார்.

அம்மையார் உடனே தலையாட்டவில்லை. கையில் ஒரு பட்டியலோடு போனார். முதியோருக்குப் பென்ஷன், வேலை இழந்தவருக்கு உதவித்தொகை, குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலுக்குத் தடை. இவற்றைச் செய்ய ஆதரவு தருவதானால்தான் வருவேன் என்றார். ரூஸ்வெல்ட் சம்மதித்தார். 12 ஆண்டுகள் மந்திரியாக இருந்தார். பட்டியலில் பெரும்பகுதி நிறைவேறியது. 1935-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதில் தலையாயது. எல்லோருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் என்பது மட்டும் கைகூடவில்லை.

ஏச்சும் பேச்சும் குறைவு இல்லை. பெண் என்பதால் ஏளனம் செய்தார்கள். வெளிநாட்டில் பிறந்த ஒரு தொழிற்சங்கத் தலைவரை நாடு கடத்தவில்லை என்று சொல்லி, 1939-ல் அவரைப் பதவி நீக்கக்கூட முயன்றார்கள். அது பலிக்கவில்லை.

ஐம்பது ஆண்டு கழித்து

ரூஸ்வெல்ட் இறந்த பிறகு 1945-ல் மந்திரி பதவியை விட்டார். பிறகும் ஓய்ந்து உட்காரவில்லை. கார்னெல் சர்வகலாசாலையில் பாடம் நடத்தினார். எண்பது வயதில், பேரன் வயது மாணவர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தார். விடுதியில் தங்கும் மாணவர்களோடு அவர் ஒருத்தர் பாட்டி!

1961-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந்தேதி ஆஷ் கட்டிடத்தின் வாசலில் ஒரு கூட்டம் கூடியது. விபத்து நடந்து ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. அன்றைக்கு நெருப்பிலிருந்து தப்பியவர்கள் சிலர் கிழவிகளாக வந்திருந்தார்கள். பெர்க்கின்ஸ் அம்மையாரும் வந்தார். தாம் மந்திரியாக இருந்து செய்தவை எல்லாம் அந்தத் தெருவில், அந்த மாலையில் தொடங்கியவைதான் என்பது அவர் கருத்து. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நின்ற இடத்தில் மறுபடி நின்று 9-வது மாடியைப் பார்த்தார்.

1965-ம் ஆண்டு மே மாதம் 14-ந்தேதி நியூயார்க்கில் காலமானார். வயது 85. பாட்டி ஊரான நியூகாசிலில், கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். வாஷிங்டனில் உள்ள தொழிலாளர் இலாகாக் கட்டிடத்துக்கு 1980-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆற்றங்கரையில் இருந்த பண்ணை வீட்டை 2024 டிசம்பரில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

ஆஷ் கட்டிடம் இப்போது நியூயார்க் சர்வகலாசாலைக்குச் சொந்தம். பெயரும் மாறிவிட்டது. மாணவர்கள் அதில் படிக்கிறார்கள். இறந்த 146 பேருடைய பெயர்களும் 2023-ல் அந்தக் கட்டிடத்தின் வெளியே பொறித்து வைக்கப்பட்டன. தெருவில் நடந்து போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.